நான் கொடுத்த ‘ஏ’ சான்றிதழ்

திருமுல்லைவாயலில் எங்கள் தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றாலும், கிளினிக்குக்குப் போவதற்கு முன் என் வீட்டுக் காலிங்பெல்லைத்தான் அடிப்பார்கள். சர்க்கரை ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். மாத்திரை அட்டையைக் காட்டி, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார்கள். தடுப்பூசி போட்ட இடம் வீங்கினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, ‘சிஸ்டர்’ என்றால்தான் தெரியும். அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் ஸ்டாஃப் நர்ஸ். சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. தெருவில் கிடைக்கும் இந்த மரியாதைதான் பெரிது. அந்த மரியாதையை வைத்து ஒரு பெண்ணின் படிப்பைக் கெடுத்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு வெப் சீரிஸில் தொடங்கியது. 2024 மார்ச் 8 அன்று ஹாட்ஸ்டாரில் ‘ஹார்ட் பீட்’ வந்தது. தீபக் சுந்தர்ராஜன் இயக்கியது. ரீனா என்கிற பயிற்சி டாக்டர் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்கிறாள். அங்கே எல்லோரும் பார்த்து நடுங்குகிற சீனியர் டாக்டர் ரதிதான், சின்ன வயதில் அவளைப் பெற்று விட்டுவிட்ட அம்மா. ரீனாவாக தீபா பாலு, ரதியாக அனுமோல். இந்த ஒரு முடிச்சைச் சுற்றிப் பயிற்சி டாக்டர்கள் கூட்டம், கேலி, காதல், ஊடல், ரீனாவுக்கும் சீனியர் அர்ஜுனுக்கும் நடுவே இழுத்துக்கொண்டே போகும் ஒரு கதை. முதல் சீசன் மட்டும் 100 எபிசோடு. அமெரிக்காவில் 2005இல் ஆரம்பித்து இன்னும் முடியாத ‘கிரேஸ் அனாடமி’யின் வாடை நன்றாகவே அடிக்கும். அதில் முதல் எபிசோடே, முன்பின் தெரியாத ஒருவனோடு இரவைக் கழித்த பெண் டாக்டர் காலையில் வேலைக்குப் போய், அவன்தான் தன் மேலதிகாரி என்று கண்டுபிடிப்பதில் தொடங்குகிறது. நம்மூர் சீரிஸ் அந்த அளவுக்கெல்லாம் போகவில்லை. ஆனாலும் எட்டு மணி சீரியலுக்குப் பழகிய வீடுகளில் அதுவே பெரிய பேச்சாகிவிட்டது.

என் மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மொட்டை மாடியில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடுங்கினேன்.

“இதெல்லாம் உன் வயசுக்கு இல்ல.”

“நீ பாத்தியாம்மா?”

“பாக்காமலே தெரியும்.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நைட் முடித்து வீட்டுக்கு வந்து, வீட்டுக்காரர் கம்பெனிக்கும் இவள் ஸ்கூலுக்கும் போன பிறகு, குளித்து இரண்டு இட்லி சாப்பிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொண்டு நான் பார்த்தது அதைத்தான். தூக்கம் போனால் போகட்டும் என்று அடுத்த எபிசோடையும் போடுவேன். அர்ஜுன் வரும் இடங்களில் தனியாகச் சிரித்திருக்கிறேன். சாயங்காலம் அவள் ஸ்கூலிலிருந்து வரும்போது முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சென்சார் போர்டு ஆகிவிடுவேன். ஆனால், தான் பார்ப்பதைப் பிள்ளை பார்க்கக்கூடாது என்று சொல்லாத தாய் தகப்பன் எந்த ஊரில் இருக்கிறார்கள்? இதோடு நின்றிருந்தால் எழுதவே மாட்டேன்.

கீழ் வீட்டு அக்காவின் மகள் அந்த வருடம் பிளஸ் டூ. பயாலஜி குரூப். பரீட்சை முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில் அவளும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது அக்கா என்னை நிறுத்தினாள்.

“சிஸ்டர், இந்த ஆஸ்பத்திரி சீரியலு, ஹார்ட் பீட்டு... ராவெல்லாம் அதையே பாக்குது எங்க பொண்ணு. வயசுப் புள்ளைங்க பாக்கலாமா அது? நெசமாவே ஆஸ்பத்திரில அப்படித்தான் இருக்குமா?”

கேள்வி இரண்டு. முதல் கேள்விக்கு முகத்தைச் சுளித்து, “ஐயோ, அதெல்லாம் புள்ளைங்க பாக்குற மாதிரியாக்கா இருக்கு? எங்க வீட்ல நிறுத்திட்டேன்” என்றேன். இரண்டாவது கேள்விக்குச் சிரித்தேன். ஒரு மாதிரியான சிரிப்பு. எனக்கு நிறையத் தெரியும், ஆனால் நான் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை என்று காட்டுகிற சிரிப்பு. துணியை அள்ளிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு ஹேண்டோவர் வாங்க வேண்டும். பத்து மணி மருந்து. பன்னிரண்டுக்குள் கேஸ் ஷீட் எழுதி முடித்தால் புண்ணியம். இரண்டு மணிக்குப் படுக்கையோடு கிடக்கிற பெரியவர்களை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். நாலு மணிக்கு யூரின் பேக்கில் எத்தனை மில்லி என்று பார்த்துக் குறிக்க வேண்டும். விடியற்காலையில் ஸ்பாஞ்ச் பாத், பெட்ஷீட் மாற்றல், ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்பல். நடுவில் ஒரு அட்மிஷன் வந்தால் இந்தக் கணக்கு எல்லாம் குழம்பும். ஷூவைக் கழற்றினால் கணுக்காலில் சாக்ஸ் எலாஸ்டிக் பதிந்த தடம் மத்தியானம் வரை போகாது. காதலே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். எங்களோடு இருந்த ஒரு சிஸ்டர் லேப் டெக்னீஷியனைக் கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியிலும் நடக்கிறது, பேங்கிலும் நடக்கிறது. படியில் நின்று இரண்டு நிமிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதுதான் விஷயம்.

அம்பத்தூர் எஸ்டேட் 1964இல் வந்ததிலிருந்து எங்கள் பக்கம் ஷிப்டு கணக்கில்தான் வாழ்கிறது. ஆவடியில் டாங்கி ஃபாக்டரி, பாடியில் பெரிய கம்பெனிகள், எஸ்டேட்டுக்குள் சந்து சந்தாகப் பட்டறைகள். என் வீட்டுக்காரர் அப்படி ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். அவர் மூன்றாவது ஷிப்டு போனால், “பாவம், மனுஷன் ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சி உழைக்கிறாரு” என்பார்கள். அதே தெருவில் அதே நேரத்துக்கு நான் டிபன் பாக்ஸோடு கிளம்பினால், “என்ன சிஸ்டர், நைட்டா?” என்று கேட்பார்கள். கேட்கிற முகத்தில் ஒரு அரைச் சிரிப்பு இருக்கும். எல்லோருக்கும் இல்லை, இருக்கிறவர்களுக்கு இருக்கும்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66வது பிரிவு, காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் பெண்களை வேலைக்கு வைக்கலாம் என்றது. எஸ்டேட் வந்து பல வருடம் அங்கே ராத்திரி என்றால் ஆண்கள் மட்டும்தான். 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு சொன்னது. அதற்குப் பிறகுதான் கம்பெனி வேன்களில் பெண்கள் ராத்திரி இறங்குவது இந்தப் பக்கத்துக்குப் பழக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி தொழிற்சாலை இல்லையாதலால் நாங்கள் எப்போதுமே ராத்திரிக்காரர்கள். அந்நிய ஆணின் உடம்பைத் தொடுகிற வேலை, அதுவும் ராத்திரியில். எனக்கு வரன் பார்த்தபோது ஒரு வீட்டில், “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, ஆனா நர்ஸாச்சே” என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். சினிமாவும் தன் பங்கைச் செய்தது. 1961இல் ‘பாலும் பழமும்’ படத்தில் நர்ஸ் சரோஜாதேவி ஒரு தியாகி. பிற்காலத்துப் படங்களில் நர்ஸ் என்றால், காமெடியன் ஊசி போட்டுக்கொள்ளும்போது கேமரா பார்ப்பதற்கு ஒரு ஆள்.

இந்த எல்லாவற்றோடும்தான் அந்த சீரிஸைப் பார்த்தேன். பார்த்துச் சிரித்தேன், ரசித்தேன், உள்ளுக்குள் பயந்தேன். என் மகளுக்காகப் பயந்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இல்லை. ஆஸ்பத்திரி காரிடாரில் கண்ணும் கண்ணுமாக நிற்கிறவர்களைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நான் யூனிஃபார்மை அயர்ன் பண்ணும்போது அவள் என்னை எப்படிப் பார்ப்பாள்? அந்த அரைச் சிரிப்பு என் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமோ? அந்தப் பயத்துக்குத்தான் ‘உன் வயசுக்கு இல்ல’ என்று பெயர் வைத்தேன். கீழ் வீட்டு அக்காவிடம் முகத்தைச் சுளித்ததும் அதற்குத்தான். அசிங்கம் என்று முதலில் சொல்லிவிடுகிறவள் அசிங்கத்தில் சேர்த்தி ஆகமாட்டாள் அல்லவா?

பிறகொரு நாள், வயதுக் குறியீடு எதை வைத்துப் போடுகிறார்கள் என்று தேடிப் படித்தேன். 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி ஓ.டி.டி. நிறுவனங்களே தங்கள் தொடர்களைத் தரம் பிரித்துக்கொள்ள வேண்டும்: யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ. 13+ஓ அதற்கு மேலோ என்றால் பெற்றோர் பூட்டும் வசதி தர வேண்டும். ‘ஏ’ என்றால் பார்ப்பவரின் வயதையே சரிபார்க்க வேண்டும். எதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. பாகுபாடு, போதைப்பொருள், பிள்ளைகள் பார்த்துச் செய்துவிடக்கூடிய செயல், மொழி, நிர்வாணம், பாலுறவு, வன்முறை, பயமுறுத்தல். பட்டியலை மேலும் கீழும் படித்தேன். தெருவில் அம்மாவின் பெயர் என்ன ஆகும் என்பது அதில் எங்கும் இல்லை.

பட்டியலைப் படித்தபோது இன்னொன்றும் உறைத்தது. என் மகள் மூன்று வயதிலிருந்து எங்கள் அத்தையின் மடியில் உட்கார்ந்து எட்டு மணி சீரியல் பார்த்து வளர்ந்தவள். அதில் எத்தனை மருமகள்களுக்குப் பாலில் விஷம் கலந்திருப்பார்கள்! ஐ.சி.யூ.வுக்குள் முகத்தை மூடிக்கொண்டு நுழைந்து ஆக்ஸிஜன் மாஸ்கைக் கழற்றுவார்கள். டிரிப் பாட்டிலில் வேறு மருந்தை ஏற்றுவார்கள். கடத்தல், அறை, சூடு, தீ. வன்முறை, பயமுறுத்தல், பார்த்துச் செய்யக்கூடிய செயல், மூன்றும் ஒரே எபிசோடில் கிடைக்கும். அவற்றுக்கு 7+, 13+ என்று எந்தக் குறியீடும் திரையில் வராது. டி.வி.க்கு வேறு சட்டம். பிள்ளைகள் அதிகமாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஒவ்வாததைக் காட்டக்கூடாது என்று கேபிள் டி.வி. விதிகளில் ஒரு வரி இருக்கிறது. பெரியவர்களுக்கான நிகழ்ச்சியை ராத்திரி 11 முதல் காலை 5 வரை வைத்துக்கொள்வது என்று 2011இல் சேனல்காரர்கள் தாங்களாகவே ஒரு ஏற்பாடும் செய்துகொண்டார்கள். அந்த ஏற்பாட்டிலெல்லாம் எட்டு மணி மாமியார் மாட்டுவதே இல்லை. பட்டுப்புடவை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டு கழுத்தை நெரித்தால் அது குடும்பக் கதை. நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறவள், என் பிள்ளை மாஸ்க் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே சோறு சாப்பிட்டபோது, “இன்னொரு வாய்” என்று ஊட்டிக்கொண்டிருந்தேன்.

மொட்டை மாடியில் போனைப் பிடுங்கிய அன்று அவள் இன்னொரு கேள்வியும் கேட்டாள். “அந்த டாக்டரம்மா ஏம்மா ரீனாவை விட்டுட்டுப் போனாங்க? அப்படியெல்லாம் விட முடியுமா?”

“உனக்கு எதுக்கு அந்தப் பேச்சு?”

பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிற பதிலா இது? நம் மாநிலத்தில் 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்த கதையைச் சொல்லியிருக்கலாம். பெண் குழந்தை என்று கொல்லாதீர்கள், வளர்க்க முடியாவிட்டால் அரசுத் தொட்டிலில் போடுங்கள் என்று கெஞ்ச வேண்டிய நிலைமையில் இருந்தோம் என்று சொல்லியிருக்கலாம். பதினெட்டு வயது ஆகாத பெண் கர்ப்பமாக வந்தால் 2012 போக்சோ சட்டப்படி நாங்கள் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பயத்திலேயே எத்தனையோ பெண்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை. கருக்கலைப்புக்கு வரும் அப்படிப்பட்ட பெண்ணின் பெயரைத் தகவலில் சொல்ல வேண்டியதில்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதையெல்லாம் பதினான்கு வயதுப் பெண்ணிடம் பக்குவமாகச் சொல்ல இந்த ஊரில் என்னைவிடத் தோதான ஆள் யார்? வலிய வந்து கேட்ட கேள்வி அது. அதற்குப் பிறகு வெகுநாள் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

கீழ் வீட்டுக்கு வருகிறேன். 2024 மே 6 அன்று பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அந்தப் பெண் நல்ல மார்க். பி.எஸ்சி. நர்சிங் போகிறேன் என்றிருக்கிறாள். நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்கை வைத்துக் கவுன்சிலிங், நான்கு வருடப் படிப்பு, முடித்த கையோடு வேலை. அந்த வீட்டு வருமானத்துக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு இல்லை. அதோடு அந்தப் பெண்ணுக்கு இயல்பிலேயே அந்தக் கை. தாத்தா விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தபோது டயாபர் மாற்றியது அவள்தான். அருவருப்பு இல்லாமல், அவருக்கும் கூச்சம் வராமல், பேசிக்கொண்டே மாற்றுவாள். டிரெயினிங் முடித்து வருகிற பெண்களுக்கே அது கைகூட வெகுநாள் ஆகும்.

விண்ணப்பமே போடவில்லை. பூந்தமல்லி பக்கம் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. சேர்த்துவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்துவிடுமே. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணே சொன்னாள், கோபமில்லாமல், ஏதோ எனக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல: “எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன்க்கா. ‘சிஸ்டரே சொல்லிட்டாங்க, ஆஸ்பத்திரின்னா அப்படித்தானாம்’னு அம்மா சொல்லிட்டாங்க.”

நான் அப்படிச் சொல்லவில்லை என்று வாய் வரை வந்தது. உண்மைதான், சொல்லவில்லை. சிரித்தேன்.

“காலேஜ் எப்படி இருக்கு?” என்று பேச்சை மாற்றினேன்.

அந்த ஆகஸ்டில் கொல்கத்தாவில் அந்தக் கொடுமை நடந்தது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் நீண்ட ட்யூட்டிக்கு நடுவே செமினார் ஹாலில் கண்ணயர்ந்த பயிற்சி மருத்துவர், 9ஆம் தேதி விடியலில் வல்லுறவு செய்து கொல்லப்பட்டார். 17ஆம் தேதி இந்திய மருத்துவ சங்கம் நாடு முழுக்க 24 மணி நேர வேலைநிறுத்தம் நடத்தியது. எங்கள் ஆஸ்பத்திரியிலும் டாக்டர்கள் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் நான் கிளம்பும்போது மகள் கதவருகே வந்து நின்றாள்.

“அம்மா, உங்க ரெஸ்ட் ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்கா?”

“இருக்கு.”

“பொய் சொல்லாத. தாழ்ப்பா உடைஞ்சு போச்சு, நாற்காலிய முட்டுக் கொடுத்துட்டுத் தூங்குறோம்னு சித்திகிட்ட போன்ல சொன்னல்ல?”

அது உண்மை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் விரிசல். அதைக் கதவுக்குக் குறுக்கே போட்டு, மேலே எங்கள் கைப்பைகளை வைப்போம். யாராவது தள்ளினால் பை விழுகிற சத்தத்துக்கு விழித்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. புகார் எழுதிக் கொடுத்தோம், தாழ்ப்பாள் வரவில்லை. இதை வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவள் என்னைக்கோ கேட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நைட்டும் நான் படி இறங்கும்போது அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் எந்தப் பார்வைக்குப் பயந்து அவள் போனைப் பிடுங்கினேனோ அது அவள் கண்ணில் இருந்ததே இல்லை. ஷேர் ஆட்டோவில் அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு அந்த சீரிஸை அவளோடு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். அவள் தோழி வீட்டில் முக்கால்வாசி ஏற்கனவே பார்த்து முடித்திருந்தாள் என்பது வேறு விஷயம். பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று இப்போது யாராவது கேட்டால், பதிமூன்று பதினான்கு வயதுக்குப் பெரியவர் கூட இருந்தால் பார்க்கலாம் என்பேன். பெரியவர் வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடாது. காதல் காட்சி வந்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போவதும் கூடாது, நான் போயிருக்கிறேன். எனக்கு அந்தக் காதலில் இப்போது உறுத்துவது வேறு. சீனியருக்கும் அவரிடம் வேலை கற்கிற பெண்ணுக்கும் நடுவே வரும் காதலில், நாளைக்குப் பிரிந்தால் அவளுடைய ரிப்போர்ட்டை எழுதுவது யார்? கிரேஸ் அனாடமிக்கும் இதே கேள்விதான். அமெரிக்காவில் அதற்கு 14 வயதுக்குக் கீழே எச்சரிக்கை என்று குறி போட்டிருக்கிறார்கள். படுக்கையைப் பார்த்துத்தான் அங்கேயும் பயம் போலிருக்கிறது, பதவியைப் பார்த்து இல்லை. இதை மகளிடம் சொன்னபோது, “எங்க பி.இ.டி. சார் மாதிரியா?” என்று கேட்டு ஒரு விஷயத்தைச் சொன்னாள். அது அவள் வகுப்புப் பெண்ணின் விஷயம், இங்கே எழுதுவதற்கில்லை. ஆனால் போனைப் பிடுங்கிக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் பேச்சு என் காதுக்கு வந்திருக்காது.

அதில் காட்டுகிற மருத்துவமும் பொய்தான், ஆனால் அந்தப் பொய்யைச் சரி செய்வது சுலபம். மானிட்டரில் கோடு நேராக ஓடினால் எல்லா நாடகத்திலும் ஷாக் கொடுப்பார்கள். நேர்க்கோட்டுக்கு ஷாக் வேலை செய்யாது. நெஞ்சை அமுக்க வேண்டும், மருந்து போட வேண்டும், அவ்வளவே. ஐ.சி.யூ. வாசலில் ஒரு பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஷாக் குடுக்கச் சொல்லுங்க சிஸ்டர், சினிமால வருமே” என்று கதறியிருக்கிறான். அவனிடம் என்ன விளக்க முடியும்? 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் சிலர் ‘ஈ.ஆர்.’ போன்ற அமெரிக்கத் தொடர்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். திரையில் இப்படி நெஞ்சை அமுக்கி சி.பி.ஆர். செய்யப்பட்டவர்களில் 75 சதவீதம் பேர் அப்போதைக்குப் பிழைத்துவிடுகிறார்கள். நிஜத்தில் அதற்குக் கிட்டேகூட வராது. ஆனாலும் 2011இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் இரண்டு சிறுமிகள், கிரேஸ் அனாடமியில் பார்த்ததை வைத்து, மூச்சு நின்றுபோன ஒரு அம்மாவை சி.பி.ஆர். செய்து பிழைக்க வைத்தார்கள். டி.வி. எதைக் கெடுக்கும், எதைக் கற்றுக்கொடுக்கும் என்று முன்கூட்டியே சொல்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. இருப்பதுபோல் தெருவில் நடந்துகொண்டேன்.

2025 மே 22 அன்று இரண்டாவது சீசன் வந்தது. மகள் இப்போது என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பார்க்கிறாள். நடுநடுவே நிறுத்தி, “இது நெசமா?” என்பாள். சொல்கிறேன். சிலதுக்கு இன்னும் மழுப்புகிறேன்.

கீழே போய் அக்காவிடம் பேச வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, ஒருநாள் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவிக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு நான் சிரித்தது தப்பு, ஆஸ்பத்திரி அப்படி இல்லை, நானே அந்தக் கதையை ரசித்துத்தான் பார்த்தேன், உங்கள் பெண் நல்ல நர்ஸாக வந்திருப்பாள், என்னால்தான் கெட்டது என்று.

அக்கா கை நிற்கவில்லை. “அட, விடுங்க சிஸ்டர். நீங்க சொன்னதுனாலன்னு நெனச்சிட்டிருக்கீங்களா? அவங்க அப்பா அதுக்கு முன்னாலயே முடிவு பண்ணிட்டாரு. ‘மாடி வீட்டம்மா நேரங்கெட்ட நேரத்துல போவுது வருது, நம்ம பொண்ணுக்கும் அந்தப் பேரு வேணுமா’ன்னு கேட்டாரு.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “தப்பா எடுத்துக்காதீங்க.”

ஆக, எந்தப் பேரைக் காப்பாற்ற முகத்தைச் சுளித்தேனோ அந்தப் பேர் அந்த வீட்டில் எனக்கு முதலிலேயே இருந்ததில்லை. சர்க்கரை ரிப்போர்ட் பார்க்க மட்டும் நான் சிஸ்டர். நியாயமாக எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது நிம்மதி. அந்தப் பெண் பஸ் ஸ்டாப்பில் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கெஞ்சிய பிள்ளையின் வாயை அடைக்க அந்த வீட்டுக்குக் கிடைத்த கடைசிக் கல் என் சிரிப்புதான். அப்பா வேண்டாம் என்றார், சிஸ்டரும் வேண்டாம் என்றார், அப்புறம் யாரிடம் போய் நிற்பாள்? எல்லாம் தெரிந்தும் அக்கா கொடுத்த சலுகையை எடுத்துக்கொண்டேன். கீரையைப் பாதியில் வைத்துவிட்டு மாடியேறினேன். அன்று எனக்கு ஆஃப். ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.